யார் வைத்த பெயர்

தூத்துக்குடிச் சீமையில், சாயர்புரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், டெய்சி என்பது தமிழ்ப் பெயர். செல்லக்கனி, ஞானப்பூ, பொன்மணி என்று கூப்பிடுகிற அதே வாய், அதே இழுவையோடு, "ஏட்டி டெய்சி, தண்ணி வந்துட்டு, கொடத்த எடுத்துட்டு வா" என்று கூப்பிடும். இது ஆங்கிலம் என்று யாருக்கும் தோன்றாது. ஊரின் பெயரே ஒரு வணிகரிடமிருந்து வந்ததுதான். சாமுவேல் சாயர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜி.யு.போப் இளம் வயதில் வேலை பார்த்த ஊரும் இதுதான். அவர் இங்கே வந்து தமிழில் ஊறினார். எங்கள் பாட்டிமார் ஆங்கிலப் பெயர்களை வாங்கித் தங்கள் வாய்க்குப் பழக்கிக்கொண்டார்கள்.

அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் டெய்சி. அதைத்தான் எனக்கும் வைத்தார்கள். பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை. வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்து நாலைந்து தலைமுறை ஆன பிறகும், பெரியவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கத்தை எங்கள் வீடுகள் விடவில்லை. மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தையும் விடவில்லை. அதனால் அம்மா என்னை ஒருநாளும் டெய்சி என்று கூப்பிட்டதில்லை. பாப்பா என்பாள், கோபம் வந்தால் ஏளா என்பாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது பெரிய டீச்சர் பெயரைக் கேட்க, அம்மா வாயைத் திறக்காமல் ஞானஸ்நானச் சீட்டை நீட்டினாளாம். டீச்சருக்கும் விஷயம் புரிந்திருக்கிறது. அவரே படித்து, அவரே எழுதிக்கொண்டாராம்.

அர்த்தம் கேட்டால் ஆச்சி "அது ஒரு பூவாம்" என்பாள். எந்தப் பூ, என்ன நிறம் என்று அவளுக்கும் தெரியாது, பார்த்ததும் இல்லை. அவளுக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அப்போது ஊரிலிருந்த ஐயரம்மா, அதாவது குருவானவரின் மனைவி. ஆச்சியைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். பிள்ளைக்குப் பெயர் வைக்க வீட்டில் யாருக்கும் மனசில்லை. ஐயரம்மாதான் துணியில் சுற்றிக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். "அவ்வோ என்னைய மடியில வச்சுக்கிட்டு யோசிச்சு யோசிச்சு வச்ச பேரு" என்று சொல்லும்போது ஆச்சியின் குரலில் ஒரு பெருமை இருக்கும். பூவைப் பற்றி நான் கேட்பேன். அவள் அந்த மடியைப் பற்றியே பதில் சொல்வாள்.

இந்தப் பெயர்கள் எங்கள் பக்கம் வந்த வழியைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 19ஆம் நூற்றாண்டின் மிஷன் போர்டிங் பள்ளிகளில், இங்கிலாந்திலிருந்து ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், பிள்ளைக்குப் பெயர் சொல்லும் உரிமையும் அவருக்குத் தரப்பட்டதுண்டு. கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு வீட்டில் இறந்துபோன மகளின் பெயரோ, தங்கையின் பெயரோ கப்பலேறி வந்து, பனங்காட்டு ஊர் ஒன்றில் இன்னொரு சிறுமிக்கு உயிரோடு கிடைத்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பெண் பிள்ளைகளுக்குப் பூவின் பெயரை வைப்பது பெரிய வழக்கமாகியது. ரோஸ், லில்லி, வயலட், ஐவி, டெய்சி எல்லாம் அந்தக் காலத்து அலை. அங்கே அலை வடிந்த பிறகும் இங்கே பெயர்கள் நின்றுவிட்டன. பேத்திகளுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்ததால் எங்கள் ஊரில் அவை பழசாகவில்லை.

ஆச்சிக்கு லேசு பின்னத் தெரியும். கெட்டியான திண்டில் குண்டூசிகளை வரிசையாகக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றிப் போடுவாள். கண் எங்கோ இருக்கும், விரல் மட்டும் ஓடும். 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை அது. அவருடைய மகள் எலைசா, மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அங்கேயும் கொண்டுவந்தார். தென்கோடிப் பெண்கள் பின்னிய லேசு ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துப் பட்டைக்கும் கைவிளிம்புக்கும் போனது. அடிமை நிலையிலிருந்த பெண்கள் சிலர் லேசுக் கூலியைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்டதாகவும் வரலாறு இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நான் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது இதே விரல்களை வைத்துத்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே நோக்கியா தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கை வேகத்தைச் சோதிக்க மேசையில் குட்டிக் குட்டிச் சாமான்களை வைத்திருந்தார்கள். ஆச்சியின் திண்டருகே உட்கார்ந்து பழகிய பெண்ணுக்கு அது ஒரு பெரிய வேலையாகத் தெரியவில்லை.

அது 2007. தொழிற்சாலை 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லி தாண்டி, இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குள் நுழையும்போது இரு பக்கமும் கம்பெனி பஸ்கள். எல்லா மாவட்டத்துப் பெண்களும் இருந்தோம். பேச்சை வைத்தே ஊரைச் சொல்லிவிடலாம். எங்கள் அறையில் ஒருத்தி திருவண்ணாமலை, ஒருத்தி பேராவூரணி, ஒருத்தி தருமபுரி. மூன்று ஷிப்ட். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் திரும்பினால் ஜன்னலில் போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டு, வெளிச்சத்தை மறைத்துத் தூங்குவோம். சமையலுக்கு முறை போட்டுக்கொண்டோம். முதல் சம்பளத்தில் ஆச்சிக்கு ஒரு ஃபோன் வாங்கி அனுப்பினேன். அவள் அதைக் காதில் வைத்து முதலில் கேட்டது: "நீ செஞ்சதாட்டி இது?"

பயிற்சி வகுப்பில்தான் என் பெயரை ஒரு தொழில் சொல்லாகக் கேட்டேன். லைனுக்குள் போவதற்கு முன் நிலைமின்சாரம் பற்றிச் சொல்லிக்கொடுப்பார்கள். நடந்தாலே நம் உடம்பில் மின்னேற்றம் சேரும். சுமார் 3,000 வோல்ட் வந்தால்தான் நமக்குச் சுருக்கென்று உறைக்கும். சில சில்லுகளோ 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே செத்துப்போகும். அதனால் கோட்டு, தொப்பி, தனிச் செருப்பு, மணிக்கட்டில் ரிஸ்ட் ஸ்ட்ராப். மேசை விரிப்பிலிருந்து எர்த் ஒயர். பயிற்சியாளர் பலகையில் நாலு மேசை வரைந்து, முதல் மேசையின் ஒயரை இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் இணைத்துக் காட்டி, அதன்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். "டெய்சி செயின் போடக் கூடாது. ஒவ்வொரு மேசைக்கும் எர்த் தனித்தனியாகப் பொதுப் புள்ளிக்குப் போகணும். நடுவில் ஒண்ணு அறுந்தா அதுக்கு அப்புறம் இருக்கிற எல்லாருக்கும் எர்த் போயிடும்." வகுப்பு முழுக்க என் பேட்ஜைப் பார்த்தது.

இடைவேளையில் அவரிடம் போய்க் கேட்டேன், ஏன் அந்தப் பெயர் என்று. ஆங்கிலேயக் குழந்தைகள் புல்வெளியில் உட்கார்ந்து விளையாட்டாகக் கட்டும் பூச்சரம் அது என்றார். நாரும் வேண்டாம், நூலும் வேண்டாம். ஒரு பூவின் காம்பில் நகத்தால் சிறு கீறல் போட்டு, அடுத்த பூவின் காம்பை அதற்குள் நுழைத்து, அதன் காம்பில் அடுத்த கீறல். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நீளும் சரம். ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும் மின் இணைப்புக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மல்லிகையைத் தொடுத்துப் பழகிய எங்களுக்கு அதை மனக்கண்ணில் காண நேரமாகவில்லை. பேராவூரணிக்காரி அன்று இரவே, வீட்டுச் சுவரோரம் முளைத்திருந்த தாத்தாப்பூவைப் பறித்து, நகக்கீறல் போட்டு ஒரு சரம் செய்து பார்த்தாள். நீளக் காம்பு, சின்ன மஞ்சள் தலை. வெட்டுக்காயத்துக்கு அரைத்துப் போடுவோமே, அதே பூண்டு. அதை ஆங்கிலத்தில் டிரைடாக்ஸ் டெய்சி என்று சொல்வார்கள் என்பது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது. கரிசலாங்கண்ணிக்குக்கூட ஆங்கிலத்தில் ஒரு டெய்சிப் பெயர் உண்டு. என் தலைக்கு ஆச்சி காய்ச்சித் தேய்த்த எண்ணெயில் எத்தனை கைப்பிடி கரிசலாங்கண்ணி போயிருக்கும்!

நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரரின் தாயாரை எல்லோரும் பாட்டி என்றுதான் கூப்பிடுவோம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு அவர் போகாத நாளில்லை. நான் வேதக்காரி என்று தெரிந்தும், "நீயும் வா கண்ணு, எங்க ஊர்ப் பிள்ளையைப் பார்த்துட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். ஊர்ப் பிள்ளை என்றது ராமானுஜரை. 1017இல் இந்த ஊரில் பிறந்தவர் என்பது மரபு. பாட்டி அவருடைய பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்; ஒவ்வொரு பெயரோடும் அதை வைத்தவரையும் சேர்த்தே சொன்னார். இளையாழ்வார் என்று பெயர் சூட்டியவர் தாய்மாமன் பெரிய திருமலை நம்பி. உடையவர் என்றது திருவரங்கத்துப் பெருமாள். எம்பெருமானார் என்று கட்டிக்கொண்டு அழைத்தவர் திருக்கோட்டியூர் நம்பி. கோயில் அண்ணன் என்றது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். தன் நேர்த்திக்கடனைத் தீர்த்துவைத்ததால் அண்ணனாக்கிக்கொண்டாள். எந்தப் பெயருக்கும் பாட்டி அகராதி அர்த்தம் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு என்னைக் கேட்டார்: "உனக்கு யார் கண்ணு வெச்சாங்க?" ஐயரம்மாவின் மடியைப் பற்றிச் சொன்னேன். "நல்ல பேர்" என்றார். பூவா, என்ன பூ என்று அவர் கேட்கவே இல்லை.

அர்த்தம் எனக்குத் தெரிந்தது ஒரு பின்லாந்துப் பெண் பொறியாளரிடமிருந்து. புது மாடலுக்கு லைன் மாற்றும்போது அங்கிருந்து ஆட்கள் வருவார்கள். உயரமான பெண், எங்களோடு அதே மேசையில் நின்று, அதே ஸ்குரூடிரைவரைப் பிடித்து வேலை செய்வார். என் பேட்ஜைப் படித்துவிட்டு, அவர்கள் ஊரில் கோடை வந்தால் சாலையோரமெல்லாம் பூக்கும் இதன் பெரிய வகைப் பூவுக்குப் பெயர் பைவன்கக்கரா என்றார். பைவா என்றால் பகல். ஆங்கிலப் பெயரிலும் பகல்தான் இருக்கிறது, தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பழைய ஆங்கிலத்தில் பகலின் கண் என்று அர்த்தம் வரும் இரண்டு சொற்கள் சேர்ந்து தேய்ந்ததுதான் டெய்சி என்றார். விடிந்தால் விரியும், இருட்டினால் இதழ்களைக் கூட்டி மூடிக்கொள்ளும். மஞ்சள் நடுவும் வெள்ளை இமைகளுமாகப் பகல் முழுக்க விழித்திருக்கும். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரே இந்தப் பொருளை எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பொறியாளர் இதைச் சொன்னது நைட் ஷிப்டில், விடிவதற்குச் சற்று முன்னால், தூக்கம் கண்ணைச் சொருகும் அந்த மோசமான நேரத்தில். அத்தனை பெண்களும் கண்ணை அகல விரித்து லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வார விடுமுறையில் சென்னைக்குப் போய், கோட்டூர்புரத்தில் புதிதாகத் திறந்திருந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது இந்தப் பெயரால்தான். ஆங்கிலப் பெயர்களின் அகராதியை விரித்தால் டெய்சிக்கு இன்னொரு வாசலும் இருந்தது. மார்கரெட் என்ற பெயருள்ள பெண்களை வீட்டில் செல்லமாக டெய்சி என்று அழைப்பார்களாம். காரணம் பிரெஞ்சு மொழி: அதில் மார்கெரித் என்பது பூவின் பெயரும்கூட. ஸ்வீடன் பட்டத்து இளவரசியாக இருந்து 1920இல் இறந்த மார்கரெட்டுக்கு வீட்டுப் பெயர் டெய்சி. அவருடைய பேத்தி, 2024இல் முடியைத் துறந்த டென்மார்க் அரசி இரண்டாம் மார்கரேத்தே. பாட்டியின் பெயர்தான் அவருக்கும். வீட்டுப் பெயரும் அதே டெய்சி. பெயர்த்தி என்ற சொல் டேனிஷ் மொழியில் இருக்காது. ஆனால் காரியம் அதேதான்.

மார்கரெட்டைப் பின்தொடர்ந்து போனால் கிரேக்கத்தில் மார்கரித்தேஸ். முத்து என்று பொருள். கிரேக்கர்களுக்கும் அது சொந்தச் சொல்லாக இருக்க வாய்ப்பில்லை, ஈரானியப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கிழக்கிலிருந்து பண்டமும் பண்டத்தின் பெயரும் சேர்ந்தே போயிருக்க வேண்டும். பழங்காலக் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளஸ், கொல்கோய் என்று ஓர் இடத்தைக் குறிப்பிடுகிறது. அங்கே தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்துக் குளித்தார்கள் என்கிறது. கொல்கோய் என்றால் எங்கள் கொற்கை. சாயர்புரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போய் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். பூட்டியின் பெயர் என்ன, ஆச்சியைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாளே அவள் பெயர், என்று கேட்டேன். "முத்தம்மா" என்றார். ஐயரம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. இறந்துபோன தாயின் பெயரைக் குழந்தைக்குத் தரவேண்டும் என்று எண்ணி வைத்த பெயரும் இல்லை. அப்படியும் அது வந்து சேர்ந்திருக்கிறது. இதை ஆச்சியிடம் சொன்னபோது அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கம்மைக்கு ஒரு போட்டோ கூட கிடையாது" என்றாள்.

2012இல் கல்யாணமாகி வேலையை விட்டேன். கணவருக்கு ஒரகடத்தில், அந்த ஆண்டுதான் திறந்த டைம்லர் லாரித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் ஃபோன் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியது. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை அந்த விற்பனையில் சேர்க்க முடியவில்லை. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே, கணக்கை முடித்துக்கொண்டு என் தோழிகள் ஒவ்வொருத்தியாக ஊருக்குப் பஸ் ஏறியிருந்தார்கள். அவர்களுடைய பேட்ஜ்களில் சில இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர்கள் கோடிக்கணக்கான ஃபோன்களுக்குப் பின்னால் நின்றன. ஒரு ஃபோனிலும் அவற்றில் ஒன்றுகூட எழுதப்படவில்லை.

என் வீட்டுக்காரர்தான் ஒருநாள் மெர்சிடிஸ் என்பது ஒரு சிறுமியின் பெயர் என்று சொன்னார். எமில் யெல்லினெக் என்ற ஆஸ்திரிய வணிகர் 1900இல் டைம்லர் கம்பெனியிடம் புது கார்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது, தன் மகளின் பெயரை வண்டிக்கு வைக்கச் சொன்னார். ஸ்பானிய மொழியில் கருணை என்று பொருள். அப்பன் ஆசையாக வைத்த பெயர், வண்டியின் மூக்கில் ஏறி உலகம் சுற்றியது. இயந்திரங்களுக்குப் பெண் பெயர் போவது அப்படிப் பழைய கதைதான். 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒரு ஐ.பி.எம். கணினியைப் பாட வைத்தபோது அவர்கள் தேர்ந்தெடுத்தது 1892இல் வந்த டெய்சி பெல் என்ற பாட்டை. அதைக் கேட்ட ஆர்தர் கிளார்க், பின்னாளில் 1968இல் வந்த விண்வெளிப் படத்தில், உயிர் அடங்கும் கணினியின் வாயில் அதே பாட்டை வைத்தார்.

2018 ஏப்ரலில் வந்த செய்திதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஆப்பிள் கம்பெனி பழைய ஐபோன்களைப் பிரித்தெடுக்க ஒரு ரோபோவைச் செய்திருக்கிறது, அதன் பெயர் டெய்சி. ஒரு மணி நேரத்தில் 200 ஃபோன் வரை பிரிக்கும். அதற்கு முன்பிருந்த ரோபோவுக்கு லியாம் என்று பெயர். டெய்சி, பேட்டரியைப் பிடித்திருக்கும் பசை விடுவதற்காக, மைனஸ் 80 டிகிரிக் குளிர்க்காற்றை அடித்து உறையவைக்கிறது. பிறகு திருகுகளைத் தெறிக்கவிட்டு, உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வேறு வேறாகக் கொட்டுகிறது. அவற்றிலிருந்து கோபால்ட், வெள்ளீயம், டங்ஸ்டன், அரிய மண் தனிமங்கள் எல்லாம் திரும்பக் கிடைக்கின்றன. மண்ணைத் தோண்டாமல் உலோகம் கிடைப்பது நல்ல காரியம். அந்த இயந்திரத்தை நான் மதிக்கிறேன். 2019இல் ஸ்ரீபெரும்புதூரிலேயே ஐபோன் எக்ஸ்.ஆர். செய்யத் தொடங்கினார்கள். அந்த மாடலும் ஒருநாள் வயதாகி அமெரிக்காவின் ஆஸ்டினில் இருக்கும் அந்த ரோபோவின் கைக்குப் போகும்.

அப்போது நான் மீண்டும் இந்தப் பாதைக்கே வந்திருந்தேன். வேறொரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பயிற்சி தரும் வேலை. ரோபோவின் வீடியோவை மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் பெண்களுக்குக் காட்டினேன். "அக்கா, உங்க பேரு!" என்று கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷம்தான், கூடவே ஒரு வலியும் இருந்தது. கழற்றும் டெய்சியை உலகம் பெயர் சொல்லி அறிகிறது. அது எந்த ஊரில் இருக்கிறது, மணிக்கு எத்தனை பிரிக்கும், எத்தனை மாடல் தெரியும் என்பதெல்லாம் செய்தி. பூட்டும் பெண்களைப் பற்றிய செய்தியில் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த சிப்காட் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். அது வேண்டிய ஏற்பாடு. எங்கள் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் ஜன்னலுக்குப் போர்வை ஆணியடித்திருக்க மாட்டோம். ஆனால் அந்த 18,720 பேருக்கும் ஆளுக்கொரு பெயர் இருக்கிறது, ஒவ்வொரு பெயருக்கும் அதை வைத்த ஒருவர் இருக்கிறார். இந்த நினைப்புக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது.

"உனக்கு யார் வெச்சாங்க?" என்று ஸ்ரீபெரும்புதூர்ப் பாட்டி கேட்ட கேள்வியை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். புது பேட்ச் வந்தால் முதல் நாள், நிலைமின்சாரம் தொடங்குவதற்கு முன், ஆளுக்கொரு தாள் கொடுப்பேன். அவரவர் எழுத்தில் பெயர், ஊர், யார் வைத்தது. முதலில் சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள். வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு மறுநாள் எழுதித் தருகிறவர்கள் நிறைய. அத்தை வைத்தது, பஞ்சாயத்துத் தலைவர் வைத்தது, பிரசவம் பார்த்த நர்ஸ் வைத்தது, அப்பாவுக்குப் பிடித்த நடிகையின் பெயர், குலதெய்வம். "யாரும் வைக்கலை, பிளாக் ஆபீஸ்ல எழுதிட்டாங்க" என்று ஒருத்தி எழுதினாள்; அவளை அன்று என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். அந்தத் தாள்களை நான் மேலிடத்துக்கு அனுப்புவதில்லை. பேட்ச் முடியும்வரை வகுப்பறைச் சுவரில் இருக்கும், பிறகு அவரவரிடமே கொடுத்துவிடுவேன்.

இப்போது வகுப்பில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். போன பேட்சில் ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்திலிருந்து வந்த ஒல்லியான ஒருத்தி பேட்ஜை நீட்டிக்கொண்டு என் முன் வந்து நின்றாள். டெய்சி. அவர்கள் பக்கத்துக்கு 1845இல் ராஞ்சியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரிகள் வழியாகக் கிறிஸ்தவம் போனது. பெயர்களும் அந்தப் பக்கம் தனியாக ஒரு பயணம் போயிருக்கின்றன. அவளுக்கு என் இந்தி புரியவில்லை, எனக்கு அவளுடைய பேச்சு புரியவில்லை. என் பேட்ஜைத் தூக்கிக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது.

சூப்பர்வைசர் வருகைப் பதிவில் குழப்பம் வராமல் இருக்க, இருவரையும் டெய்சி ஒன்று, டெய்சி இரண்டு என்று போட்டுக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் சார், ஊரைச் சேர்த்து எழுதுங்கள் என்றேன். டெய்சி, சாயர்புரம். டெய்சி, குந்தி. அவர் தயங்காமல் அப்படியே எழுதிவிட்டார். அவளுடைய தாளில் நாகரி எழுத்தில் நாலு வரி இருந்தது. கேன்டீனில் பரிமாறும் பீகார்ப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவளுடைய அம்மா பிரசவத்துக்கு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிருக்கிறார். அங்கே வேலை பார்த்த கேரளத்து நர்ஸ், குழந்தையைத் துடைத்துக் கையில் கொடுக்கும்போது இப்படிக் கூப்பிட்டாராம். அம்மா அதையே வைத்துக்கொண்டார். நர்ஸின் பெயர் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பையன் அதை அவளுக்கு இந்தியில் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு, நர்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் இடம் விட்டு, பென்சிலால் கோடு போட்டுவைத்தாள்.